மரியோவில் காத்திருந்தது, கான்ட்ராவில் கடன் கேட்டது

மைக்ரோ ஜீனியஸ் என்று சொன்னால் இன்று நாற்பதைத் தாண்டிய மலேசியர்கள் பலருக்கு முகம் மலர்ந்துவிடும். நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாம் பெட்டியைப் பார்த்துத் தைவானில் செய்த நகல் அது. நகல் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? சிகாமட்டில் அசலை நாங்கள் கண்ணால் கண்டதே இல்லை. அதே தைவான் சரக்கு ‘டெண்டி’ என்ற பெயரில் ரஷ்யாவுக்கும் போனது. இந்தியாவிலும் வேறு வேறு பெயர்களில் இதன் பங்காளிப் பெட்டிகள் விற்றன. சிகாமட், மதுரை, மாஸ்கோ என்று எங்கெங்கோ இருந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே ஆட்டங்களை ஆடி வளர்ந்தது இப்படித்தான். வீட்டில் அதற்குப் பெயர் ‘டிவி கேம்’. மேலே செருகுவது ‘காசெட்’. படம் வராவிட்டால் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி செருக வேண்டும்.

எங்கள் காசெட்டின் மேல் எத்தனை ஆட்டங்கள் என்று பெரிய எண்ணாகப் போட்டிருக்கும். பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனால், ஏற்கெனவே ஆடிய ஆட்டமே வேறு பெயரில், மூன்றாவது கட்டத்திலிருந்தோ கையில் நல்ல துப்பாக்கியோடோ தொடங்கும். சலித்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் உண்மையில் புழங்கியவை இரண்டே: 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ், 1988-இல் ஃபாமிகாமுக்கு வந்த கொனாமியின் கான்ட்ரா.

இந்த இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, மரியோ சாது, கான்ட்ரா முரடு என்பது. காளானும் ஆமையும் ஒரு பக்கம், துப்பாக்கியும் வேற்றுக்கிரக ஜந்துவும் மறுபக்கம். பார்வைக்கு அது சரிதான். ஒரே பெட்டியின் முன்னால் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

எங்கள் வீட்டு நிலவரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இரயில்வேயில் வேலை. கிம்மாஸுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடைப்பட்ட தடத்தில் சிகாமட் ஒரு நிலையம். இரவு வேலை முடிந்து காலையில் வந்து படுத்தாரென்றால் பிற்பகல்வரை வீட்டில் மூச்சுவிடக்கூடாது. 1994-க்கு முன் ஜோகூரில் வார ஓய்வு வெள்ளிக்கிழமை என்பதால் எங்கள் ஆட்டநாளும் அதுவே. கிம்மாஸில் இருந்த பெரியம்மா பிள்ளைகளுக்கு, அது நெகிரி செம்பிலான் என்பதால், ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து ஊர்தான், பள்ளி விடுமுறை வந்தாலொழிய சேர்ந்து ஆட வழியில்லை. ஆக அண்ணன், நான், ஒலியை முழுக்கக் குறைத்துவைத்த தொலைக்காட்சி, அவ்வளவுதான் கூட்டம்.

மரியோவின் இருவர் ஆட்டத்தில் ஒரே சட்டம்: ஆடுகிறவர் செத்தால்தான் அடுத்தவர் முறை. முதலாமவர் மரியோ, இரண்டாமவர் லூயிஜி. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். நன்றாக ஆடுகிறவருக்கு நேரம் நீண்டுகொண்டே போகும், தடுமாறுகிறவருக்கு அரை நிமிடம். அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். அவன் சாகவே மாட்டான். நான் முதலில் எதிர்ப்படும் பழுப்புக் காளான் பூச்சியின் மேல் மோதிச் செத்து, கண்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தால், மறுபடி கையில் எடுப்பதற்குள் அம்மா உலை வைத்துச் சோறு வடித்திருப்பார். இருப்பவனுக்கே மேலும் கொடுக்கும் ஆட்டம் அது. துப்பாக்கி இல்லை என்பதால் எந்தப் பெற்றோரும் இதைக் கவனித்ததில்லை.

உட்கார்ந்திருப்பவளுக்கும் ஒரு வேலை கிடைத்தது. மரியோவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரக் கணக்கு உண்டு. முதல் கட்டம் 400-இல் தொடங்கி இறங்கும். 100-க்குக் கீழே போனால் இசை வேகம்பிடித்து எச்சரிக்கும். ஒலியில்லாமல் ஆடுகிறவனுக்கு அந்த எச்சரிக்கை ஏது? திரையின் வலது மூலையிலிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். “ண்ணே, நூறு!” என்று காதோரம் சொல்வேன். அப்பா வேலைக்குப் போன நாட்களில் கேட்ட இசையை வாய்க்குள் முனகியும் காட்டுவேன். கோஜி கொண்டோ அமைத்த அந்த மெட்டுகளில் தண்ணீருக்கடியில் வருவது மட்டும் மூன்று மூன்றாக எண்ண வேண்டியது. தொடையில் தட்டிப் பார்த்தபோது அது விளங்கிவிட்டது. வால்ட்ஸ் என்று அதற்குப் பெயர் உண்டென்பது பல வருடம் கழித்து வந்த செய்தி.

காத்திருப்பவர் கண் சும்மா இருக்காது. மேகமும் கீழே உள்ள புதரும் ஒரே வடிவம், மேகத்துக்கு வெள்ளை, புதருக்குப் பச்சை என்று ஆடிக்கொண்டிருந்த அண்ணனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மொத்த ஆட்டத்தையும் 40 கிலோபைட்டுக்குள் அடைக்க வேண்டியிருந்ததால் ஒரே படத்துக்கு இரண்டு சாயம் பூசினார்கள் என்று பிற்பாடு படித்தபோது வியப்பைவிட நிம்மதி அதிகம். முதல் காளான் விஷயமும் இப்படித்தான். கேள்விக்குறிப் பெட்டியைத் தலையால் முட்டினால் வெளிவரும் காளான் வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதி, நம்மை நோக்கியே திரும்பி வரும். எதிரி என்று பயந்து ஒதுங்கினாலும் அது வந்து ஒட்டிக்கொள்ளும், நாம் பெரிதாகிவிடுவோம். புதிதாக ஆடுகிறவருக்கு அது நல்லதைச் செய்யும் பொருள் என்று புரிய வேண்டும் என்றே அப்படி அமைத்ததாக மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியமோட்டோ பேட்டியில் விளக்கியிருக்கிறார். ஓர் எழுத்துகூடத் திரையில் போடாமல் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் அவர். நான் பின்னாளில் எந்தக் கதையைப் படித்தாலும், எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஓரங்களைத் துழாவுகிறேன் என்றால் அந்தப் பழக்கம் லூயிஜியின் முறைக்காகக் காத்திருந்தபோது தொற்றியது.

கான்ட்ராவில் காத்திருப்பு என்பதே கிடையாது. நீலக் கால்சட்டை பில், சிவப்புக் கால்சட்டை லான்ஸ், இருவரும் ஒரே திரையில் ஒரே நேரத்தில். இருவருக்கும் சட்டை இல்லை. ஒரு குண்டு பட்டால் சாவு. சின்னவள், புதியவள் என்ற சலுகை எதுவும் இல்லை. ஆனால் இந்த முரட்டு ஆட்டம் என்னை ஓர் ஆளாக மதித்தது.

மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள். அது ஒரு நீர்வீழ்ச்சி. பக்கவாட்டில் ஓடுவதற்குப் பதிலாக, பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். மேலே போகிறவரோடு திரையும் ஏறும். கீழே தங்கியவர் திரையின் அடிவிளிம்புக்கு வெளியே போய்விட்டால் செத்தார். எதிரி சுடவே வேண்டாம், கூடப் பிறந்தவனின் அவசரமே போதும். அண்ணன் பழக்கதோஷத்தில் தாவிக்கொண்டே போவான், நான் கீழே ஒவ்வொன்றாக உயிரை விடுவேன். “ண்ணே, இரு, இரு!” என்று கத்தவும் முடியாது, அப்பா தூங்குகிறார். விலாவில் இடிப்பதுதான் வழி. சில வாரங்களில் அவன் ஒரு முறையைக் கண்டுபிடித்தான். தான் ஒரு பாறையில் நின்று மேலே இருப்பவர்களைச் சுட்டுக்கொண்டிருப்பான், “பாப்பா, இப்ப குதி” என்பான், நான் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த பாறை. அண்ணன் எனக்காக நின்றது வீட்டில் வேறெதற்கும் நடந்ததில்லை.

துப்பாக்கிப் பங்கீடு தனிப் பஞ்சாயத்து. ‘எஸ்’ எழுத்துப் போட்ட துப்பாக்கி ஒரே நேரத்தில் ஐந்து குண்டுகளை விசிறியாகப் பரப்பும், கான்ட்ராவின் ராஜா அதுதான். ‘எல்’ லேசர், பார்க்கப் பகட்டு. முதல் கதிர் போய்ச் சேருமுன் மறுபடி அழுத்தினால் அது அறுந்துபோகும், பதற்றக்காரர்களுக்கு ஆகாது. எஸ் அவனுக்கு, எல் எனக்கு என்பது மூத்தவன் போட்ட சட்டம். செத்தால் கையில் இருந்தது போய் சாதாரணத் துப்பாக்கி வந்துவிடும் என்பதால் அந்தச் சட்டம் நெடுநேரம் நிலைத்ததில்லை.

இருவர் ஆட்டத்தில் கான்ட்ரா வைத்திருந்த இன்னொரு வசதியை நான் வேறெங்கும் அப்போது கண்டதில்லை. ஒருவருக்கு உயிர்கள் தீர்ந்துவிட்டால் ஏ பொத்தானை அழுத்தி அடுத்தவரின் இருப்பிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொள்ளலாம். சம்மதம் கேட்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் அதற்கு ஒரு துணைச்சட்டம் வந்தது: கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கேட்டால் கொடுப்பான். முனகிக்கொண்டே கொடுப்பான்.

உயிரை எப்படிக் கணக்குப் பண்ணுகின்றன என்பதிலேயே இரண்டின் குணமும் தெரிகிறது. மரியோவில் உயிர் தனிச்சொத்து. 3-1 கட்டத்தின் முடிவில் படிக்கட்டில் இறங்கிவரும் ஆமையைச் சரியான இடத்தில் மிதித்துக்கொண்டே இருந்தால் உயிர்கள் குவியும். பத்தைத் தாண்டினால் எண் போய் விசித்திரக் குறிகள் தோன்றும். 127-ஐத் தாண்டியும் சேர்த்தால் கணக்கு கவிழ்ந்து, அடுத்த முறை செத்ததும் ஆட்டமே முடிந்துவிடும். அண்ணனுக்கு இது ஒருநாள் நேர்ந்தது. நான் சிரித்ததில் அப்பா விழித்துக்கொண்டார்.

கான்ட்ராவுக்கோ ஊரறிந்த மந்திரம் உண்டு. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. மூன்று உயிர் முப்பதாகிவிடும். கொனாமியில் வேலை செய்த கசுஹிசா ஹஷிமோட்டோ 1986-இல் கிரேடியஸ் ஆட்டத்தை ஃபாமிகாமுக்குக் கொண்டுவந்தபோது, சோதித்துப் பார்க்கவே அது கடினமாக இருக்கிறதென்று தனக்காகப் போட்டுக்கொண்ட குறுக்குவழி அது. எடுக்க மறந்து வெளியே வந்துவிட்டது. அவர் 2020 பிப்ரவரியில் காலமானார். இணையம் இல்லாத சிகாமட்டுக்கு அது எப்படி வந்து சேர்ந்தது? தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலை வரிசையில் நின்ற ஒரு பையன் அண்ணனுக்குச் சொன்னான். யாரும் எழுதி வைக்கவில்லை, பதினாறாம் வாய்ப்பாட்டைப் போல ஒப்பித்தே பரவியது. முப்பது உயிர் இருந்தும் எனக்குப் போதவில்லை என்பது வேறு விஷயம். கடனுக்குக் கைநீட்ட ஆள் பக்கத்தில் இருந்தான்.

வன்முறை பற்றி ஒரு சொல். ஐரோப்பாவில் இதே ஆட்டத்தில் மனிதர்களை எடுத்துவிட்டு ரோபோக்களைப் போட்டு, ‘ப்ரோபோடெக்டர்’ என்று பெயரையும் மாற்றி விற்றார்கள். ஜெர்மனியின் கெடுபிடி காரணம். எங்கள் அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. கண் கெடும், டிவி கெடும் என்ற இரண்டோடு அவர் நிறுத்திக்கொண்டார். கான்ட்ரா ஆடும்போது நாங்கள் சண்டை போட்டுக்கொண்டதும் சேர்ந்துகொண்டதும்தான் அதிகம், மரியோவில் நான் அழுதிருக்கிறேன்.

அப்படியானால் என்னை வளர்த்தது எது? கூடி ஆடிய கான்ட்ராதான் என்று சொல்ல ஆசை. நேர்மையாகப் பார்த்தால் அது உறவுக்குச் செய்ததை ரசனைக்குச் செய்யவில்லை. ஜப்பானியப் பதிப்பில் முதல் கட்டக் காட்டின் இலைகள் காற்றில் அசையும், அமெரிக்கப் பதிப்பில் அந்த அசைவை எடுத்துவிட்டார்கள் என்று பெரியவளான பிறகு ஓர் ஒப்பீட்டுக் காணொளியில் பார்த்தேன். எங்கள் காசெட்டில் இலை அசைந்ததா? நினைவே இல்லை. அத்தனை வெள்ளிக்கிழமைகள் அந்தக் காட்டுக்குள் ஓடியும் தலைதூக்கி ஒரு மரத்தைப் பார்த்ததில்லை. மரியோவின் மேகத்தை இன்று கேட்டாலும் கட்டம் கட்டமாக வரைந்து காட்டுவேன். அநியாயமான ஆட்டம்தான் கண்ணைத் திறந்தது. இது எனக்கு உவப்பான முடிவல்ல. அண்ணனைக் கேட்டால் நேரெதிராகச் சொல்வான். அவனுக்கு மரியோ ஓர் ஓட்டப்பந்தயம், கான்ட்ராவில்தான் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்கப் பழகினானாம்.

2006 டிசம்பர் வெள்ளத்தில் சிகாமட் மூழ்கியபோது கீழ் அலமாரியில் கிடந்த அந்தப் பெட்டியும் போனது. மரியோவும் பிறகு மாறியது. 2009-இல் வந்த நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீ ஆட்டத்தில் நான்கு பேர் ஒரே திரையில் ஒன்றாக ஓடலாம், தடுமாறுகிறவர் ஒரு குமிழிக்குள் புகுந்து மற்றவர்களோடு மிதந்து போகலாம். கான்ட்ராவின் பாடத்தை நிண்டெண்டோ இருபது வருடம் கழித்துப் படித்தது என்பேன். விடுமுறைக்கு வந்த அண்ணன் பிள்ளைகளோடு ஆடினேன். ஒரே கூச்சல், திரையில் என்ன இருந்ததென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதே ஆட்டத்தில் வேறொன்று எனக்குப் பிடித்துப்போனது. தனியாக ஆடும்போது ஒரே கட்டத்தில் எட்டு முறை செத்தால் பச்சைப் பெட்டி ஒன்று தோன்றும். அதை முட்டினால் லூயிஜி வந்து அந்தக் கட்டத்தைத் தானே ஆடிக் காட்டுவான், நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அண்ணன் மகனுக்கு அது மானப் பிரச்சினை. பெட்டி வந்தாலும் தாண்டிப் போய் ஒன்பதாவது முறை சாவான். “முட்டுடா, அவன் எப்படிப் போறான்னு பார்ப்போம்” என்று நான் சொன்னால், “அத்தை, நீங்க சும்மா இருங்க” என்கிறான்.