கணக்கு மாத்திரை

ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ‘உட்கார்ந்திருந்தான்’ என்று எழுதுவதே பிசகு. கால் ஆடும், கை பெஞ்சைச் சுரண்டும், கண் ஜன்னலுக்கு வெளியே சஞ்சரிக்கும். வாத்தியாருக்குத் தெரிந்த சிகிச்சை ஒன்றுதான்: பிரம்பு. அடி விழும்போது நாங்கள் சிரிப்போம். நானும்தான்.

இன்று வைத்தியர்கள் இதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். இதற்கு மருந்து கண்ட கதையைப் படித்தபோது அவன் ஞாபகம் வந்தது.

அமெரிக்காவில், டெலிபோன் தொழிலில் பொருள் ஈட்டிய ஜார்ஜ் பிராட்லி என்பவரின் ஒரே மகள் எம்மா. ஏழு வயதில் அவளுக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. உயிர் பிழைத்தாள், பழைய எம்மா திரும்பவில்லை. அவளைப் போன்ற குழந்தைகளுக்கென்று பிராட்லி தம் சொத்தை எழுதிவைத்தார். 1931-ல் ரோட் ஐலண்டில் அவள் பெயரால் ஓர் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

அங்கே வைத்தியராயிருந்தவர் சார்லஸ் பிராட்லி, அந்தக் குடும்பத்தவரே. மூளையைப் படமெடுக்க அக்காலத்தில் முதுகுத்தண்டு நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்துவார்கள். பிறகு பொல்லாத தலைவலி. அதற்காகக் குழந்தைகளுக்குப் ‘பென்ஸிட்ரின்’ கொடுத்தார். தலைவலி அவ்வளவாகத் தணியவில்லை. ஆனால் சில குழந்தைகள் திடீரென்று பாடத்தில் முனைந்தார்கள்! பின்னர் 30 குழந்தைகளுக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார். 14 பேரின் படிப்பில் அபாரமான மாறுதல். நிறுத்திய அன்றே அது மறைந்தது. குழந்தைகளே அதற்குக் ‘கணக்கு மாத்திரை’ என்று பெயர் சூட்டினார்கள். 1937-ல் அவர் இதைப் பிரசுரித்தார். கவனத்துக்கு மருந்து கண்டவரை உலகம் வெகுகாலம் கவனிக்கவில்லை!

1944-ல் ஸ்விட்சர்லாந்தில் பனிஸோன் என்ற ரசாயன நிபுணர் வேறொரு மருந்தை உண்டாக்கினார். மனைவி ரீட்டாவின் பெயரால் அது ‘ரிட்டாலின்’ ஆயிற்று.

மாத்திரையோடு காரியம் முடிந்ததா? 1999-ல் 579 குழந்தைகளை 14 மாதம் கவனித்த ஆராய்ச்சி வெளிவந்தது. துறுதுறுப்பையும் கவனச் சிதறலையும் குறைப்பதில், கண்காணித்துக் கொடுத்த மருந்து, பழக்கவழக்கப் பயிற்சியை மட்டும் அளித்ததைவிட மேலாக இருந்தது. இரண்டையும் சேர்த்தபோது குறைந்த அளவு மருந்தே போதியது. மூன்றாம் ஆண்டில் பார்த்தால் கோஷ்டிகளுக்குள் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆகவே ஒருமுறை சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் போதாது. வருஷக்கணக்காகக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மருந்து தற்செயலாய் அகப்பட்டது. அதைக் கண்ட கண் தற்செயலல்ல. குழந்தையைத் திருத்துமுன் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஒரு தகப்பனார் அந்த வீட்டுக்கு வழிசெய்திருந்தார்.

மறு ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது என் பக்கத்து இடம் காலியாயிருந்தது. அவன் ஏன் வரவில்லையென்று நான் யாரையும் கேட்கவில்லை.