பிரம்பு

பிரம்பு (கலாமசு ரோட்டாங்) என்பது பனைக் குடும்பத்தைச் சேர்ந்த, மெல்லிய தண்டுடைய, பற்றி ஏறும் தாவரம் ஆகும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தாழ்நிலங்களில், ஆற்றங்கரை, சதுப்பு நிலம் போன்ற ஈரமான இடங்களில் இது இயற்கையாக வளர்கின்றது. இதே பேரினத்தைச் சேர்ந்த பிற இனங்களின் தண்டுகளும் வணிகத்தில் பிரம்பு என்றே வழங்கப்படுகின்றன. பனைக் குடும்பத்தில் மிகுதியான இனங்களைக் கொண்ட பேரினம் கலாமசு ஆகும்.

பெயர்

சுவீடிய அறிவியலாளர் லின்னேயசு 1753 இல் இதற்கு அறிவியற் பெயர் இட்டார். பெயரின் இரண்டாம் பகுதி, பிரம்பைக் குறிக்கும் 'ரோத்தான்' என்னும் மலாய்ச் சொல்லோடு தொடர்புடையது. மலையாளத்தில் பிரம்பு 'சூரல்' எனப்படுகின்றது.

அமைப்பு

பிரம்பு தோற்றத்தில் மூங்கிலை நினைவூட்டினாலும் மூங்கில் புல் குடும்பத்தைச் சேர்ந்தது. மூங்கிலின் உட்புறம் பெரும்பாலும் வெற்றிடமாக இருக்கும்; பிரம்பின் தண்டு உள்ளீடு நிறைந்தது. இதனாலேயே பிரம்பை உடையாமல் வளைக்க முடிகின்றது.

தண்டை முட்கள் நிறைந்த இலையுறைகள் மூடியிருக்கும். இலையுறையிலிருந்து சாட்டை போன்ற நீண்ட உறுப்பு வளர்கின்றது. அதிலுள்ள வளைந்த முட்கள் அருகிலுள்ள மரங்களைப் பற்றிக்கொள்வதால் கொடி மேலே ஏறுகின்றது. பழத்தின் மேற்புறத்தைச் செதில்கள் வரிசையாக மூடியிருக்கும்.

ஆண் பூக்களும் பெண் பூக்களும் தனித்தனிச் செடிகளில் தோன்றும். ஒரு செடியின் அடியிலிருந்து பல தண்டுகள் கிளைத்துப் புதராகின்றன. ஆகவே ஒரு செடியிலிருந்து உண்டான புதர் முழுவதும் ஒரே பாலாகவே இருக்கும்.

இலக்கியத்தில்

சங்கப் பாடல்களில் பிரம்பு மருத நிலத்து நீர்நிலைகளோடு சேர்த்துக் கூறப்படுகின்றது. குறுந்தொகையின் 91 ஆம் பாடலில், முதிர்ந்த பிரம்பம் பழத்தைக் குளத்துக் கெண்டை மீன் கவ்வுவதாக ஔவையார் பாடியுள்ளார். அவரது 364 ஆம் பாடலில் பிரம்போடு நீர்நாயும் வாளை மீனும் இடம்பெறுகின்றன. இவை, தாழ்நில நீர்க்கரைகளில் வளரும் இத்தாவரத்தின் வாழிடத்தோடு பொருந்துகின்றன.

வைகைக் கரையை அடைக்க மண் சுமந்த சிவபெருமானைப் பாண்டியன் பிரம்பால் அடித்தபோது, அந்த அடி எல்லா உயிர்கள் மீதும் விழுந்ததாகத் திருவிளையாடற் புராணம் கூறுகின்றது.

பயன்பாடு

வெட்டிய தண்டிலிருந்து முள்ளுறையை நீக்கி உலர்த்துவர். காலம் தாழ்த்தினால் பூஞ்சை பற்றித் தண்டு நிறம் மாறும். உலர்ந்த தண்டைச் சூடாக்கி வளைத்து நாற்காலி, ஊஞ்சல், தொட்டில் முதலியவற்றின் சட்டங்களைச் செய்கின்றனர். மேற்தோலை நாராகக் கிழித்து இருக்கைகளைப் பின்னுகின்றனர். தமிழ்நாட்டில் மயிலாடுதுறை மாவட்டம், கொள்ளிடம் அருகேயுள்ள தைக்கால் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் ஆகும். இங்கு அசாம் முதலிய வெளியிடங்களிலிருந்து வரும் பிரம்பு பயன்படுகின்றது.

பள்ளிகளில் தண்டனைக் கருவியாகவும் பிரம்பு நெடுங்காலம் இருந்தது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மாணவர்களுக்கு உடல்சார் தண்டனை அளிப்பதைத் தடை செய்கின்றது.

பாதுகாப்பு

உலகில் மிகுதியாகப் பிரம்பு விளையும் நாடான இந்தோனேசியா, 2012 இல் பதப்படுத்தாத பிரம்பின் ஏற்றுமதியைத் தடை செய்தது. மலாயா, சுமாத்திரா பகுதிகளின் 'மனாவ்' பிரம்பு ஒற்றைத் தண்டுடையது; வெட்டினால் செடியே மடிந்துவிடும். கலாமசு ரோட்டாங் புதராக வளர்வதால், அடிப்பகுதியை விட்டு முதிர்ந்த தண்டுகளை மட்டும் வெட்டினால் மீண்டும் தழைக்கும்.

எனினும் நீர்க்கரைகள் அழிக்கப்படும்போது புதர்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தனித்துப்போகின்றன. எதிர்ப்பால் புதர் அருகில் இல்லாத புதர் செழித்து வளர்ந்தாலும் விதை தராது. ஆகவே இவ்வினம் ஓரிடத்தில் நிலைக்க, ஆண், பெண் செடிகள் இரண்டும் அருகருகே காக்கப்பட வேண்டும். கேரளத்தின் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் பிரம்பு இனங்கள் குறித்து ஆய்வுகள் செய்துள்ளது.