வரையறுக்கப்பட்ட படிகளும் ஏல விலையும்: சமகால ஒளிப்படச் சந்தை வரலாற்றில் எகிள்ஸ்டன் வழக்கு

முன்னுரை

ஓவியர் தீட்டும் ஓவியம் ஒன்றே. ஒளிப்படமோ ஒரே நெகட்டிவிலிருந்து எத்தனை படிகளாகவும் பெருகவல்லது. ஏலச் சந்தை அருமைக்கு விலை தரும் களம். பெருகும் இயல்புடைய ஒரு பொருள் அக்களத்தில் உயர்விலை பெறுவது எங்ஙனம்? படிகளின் எண்ணிக்கையை வரையறுக்கும் உறுதிமொழியே அவ்விலைக்கு அடித்தளம் ஆகும். அவ்வுறுதிமொழி எதுவரை செல்லும் என்பதை 2012ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

சமகாலக் கலை ஏலத்தில் ஒளிப்படம்

ஒளிப்படங்கள் நெடுங்காலம் தமக்கெனத் தனியே நடத்தப்பெற்ற ஏலங்களிலேயே விற்கப்பட்டன. படம் எடுக்கப்பட்ட காலத்தையொட்டி அச்சிடப்பட்ட பழம்படிகளுக்கே அங்கு மதிப்பு மிகுதி. ஜெர்மானியக் கலைஞர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி போன்றோரின் பேருருவப் படங்கள் ஓவியங்களுடன் சமகாலக் கலை ஏலங்களில் இடம்பெற்றபோது இந்நிலை மாறியது. 2011 நவம்பர் 8 அன்று நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அவருடைய ‘ரைன் 2’ 43,38,500 டாலருக்கு விற்பனையானது. அதே ஆண்டு மே மாதத்தில் சிண்டி ஷெர்மனின் படமொன்று ஏறத்தாழ 38.9 இலட்சம் டாலர் ஈட்டியிருந்தது.

‘ரைன் 2’ மூன்று மீட்டருக்கும் மேற்பட்ட அகலமுடையது. ஆறு படிகளே கொண்டது. அவற்றுள் சில, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், லண்டன் டேட் ஆகியவற்றைச் சேர்ந்துவிட்டமையால், சந்தைக்கு வரக்கூடியவை மேலும் குறைந்தன. ஓவியத்திற்கு நிகரான அளவும் எண்ணிக்கைக் குறைவும் ஒருங்கே அமைந்தமை அதன் விலைக்குத் துணைநின்றது.

எகிள்ஸ்டன் வழக்கு

வண்ண ஒளிப்படத்திற்குக் கலைத்தகுதி பெற்றுத் தந்தோருள் ஒருவர் அமெரிக்கரான வில்லியம் எகிள்ஸ்டன். 1976இல் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சி அவரைப் புகழ்பெறச் செய்தது. அவர்தம் படங்கள் ‘டை டிரான்ஸ்பர்’ என்னும் சாயமாற்று முறையில், வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையில் அச்சிடப்பெற்றுச் சேகரிப்பாளர்களிடம் இருந்தன.

2012 மார்ச்சில் அவருடைய 36 படங்கள் டிஜிட்டல் முறையில் பேரளவில் புதிதாக அச்சிடப்பட்டுக் கிறிஸ்டீஸ் வழியாக ஏலம் விடப்பட்டன. மொத்தம் ஏறத்தாழ 59 இலட்சம் டாலர் கிட்டியது. 1976ஆம் ஆண்டுக் கண்காட்சி நூலின் அட்டையில் இடம்பெற்ற, குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் படம் மட்டும் 5,78,500 டாலருக்குப் போயிற்று. அவற்றுட் சில படங்களின் பழைய படிகளை வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர், புதிய அச்சுகளால் தம் உடைமையின் மதிப்புக் குறைந்ததெனக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

2013இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சாயமாற்று முறையிலேயே அதே வரையறுத்த பதிப்பில் படிகளைக் கூட்டியிருந்தால் வழக்கிற்கு இடமுண்டு. அளவாலும் அச்சு முறையாலும் வேறுபட்டவை தனிப் பதிப்பாகும் என்பது தீர்ப்பின் சாரம். வாங்கியோர் தம் கையிலுள்ள படத்தையே அரியதெனக் கருதினர்; சட்டமோ அந்தப் பதிப்பை மட்டுமே அரியதெனக் கொண்டது.

முடிவுரை

எண்ணிக்கை வரையறை அச்சிட்ட தாளைக் கட்டுப்படுத்துகிறது. அதிற் பதிந்த காட்சி கலைஞரிடமே எஞ்சுகிறது. 2022இல் மேன் ரே 1924இல் படைத்த ‘லெ வியோலோன் தேங்கர்’ 124 இலட்சம் டாலருக்கு விற்று, குர்ஸ்கியின் ஏலச் சாதனையைக் கடந்தது. அதுவும் படைத்த காலத்திலேயே அச்சான முதற்படி என்பது எண்ணத்தக்கது. ஆகவே ஒளிப்படத்தின் ஏல விலையை ஆராய்வோர், யார் எடுத்தார் என்பதோடு எப்போது, எம்முறையில், எவ்வளவில், எத்தனை படிகளுள் ஒன்றாக அச்சிடப்பட்டது என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.