வண்ண ஆர்கன்

வண்ண ஆர்கன் என்பது இசைச் சுரங்களையும், மேலைநாட்டு இசையில் கார்டு எனப்படும் சுரக்கூட்டுகளையும் வண்ண ஒளியாகக் காட்டும் கருவி ஆகும். தொடக்கத்தில் விசைப்பலகையால் இயக்கப்பட்ட இக்கருவி, பின்னர் ஒலியைத் தானே பகுத்தறியும் மின்னணுச் சாதனமாக வளர்ந்தது.

வரலாறு

பிரான்சைச் சேர்ந்த லூயி பெர்ட்ரான்ட் காஸ்டெல் என்ற இயேசு சபைத் துறவி, கண்ணுக்கான இசைக்கருவி ஒன்றை 1725 இல் முன்மொழிந்தார். இங்கிலாந்தின் அலெக்சாண்டர் வாலஸ் ரிமிங்டன் 1893 இல் தமது வண்ண ஆர்கனுக்குக் காப்புரிமை பெற்றார். அக்கருவி ஒலி எழுப்பாது. வேறொரு இசைக்கருவியுடன் சேர்த்தே இயக்கப்பட்டது. உருசிய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின், 1910 இல் முடித்த 'புரோமிதியஸ்' என்னும் படைப்பில் ஒளிக்கென்றே தனி இசைக்குறிப்பு வரி எழுதினார். 1911 இல் மாஸ்கோவில் அது ஒளியின்றியே அரங்கேறியது. 1915 இல் நியூயார்க்கில் ஒளியுடன் நிகழ்த்தப்பட்டது.

1970களில் பரவிய எளிய மின்னணு வகையில், வடிகட்டிகள் ஒலியைத் தாழ், இடை, உயர் அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு பட்டையும் ஒரு நிற விளக்கை ஒளிரச் செய்யும். உண்மையில் இது காட்டுவது சுரத்தை அன்று, அப்பட்டையின் ஒலி வலிமையையே. பாடுபவர் சுரம் பிசகினாலும் விளக்கில் மாற்றம் தெரியாது.

சுரங்களை இனங்காணல்

சுரத்தையே காட்ட வேண்டுமெனில் ஒரு ஸ்தாயியில் உள்ள 12 சுரங்களுக்கும் தனித்தனி விளக்கு தேவை. ஒலிவாங்கி வழி வரும் ஒலியை நுண்கட்டுப்படுத்தி ஒன்று ஃபூரியே மாற்றின் மூலம் அதிர்வெண்களாகப் பகுக்கிறது. அதிர்வெண் இருமடங்கானால் அதே சுரம் அடுத்த ஸ்தாயியில் ஒலிப்பதால், எல்லா ஸ்தாயிகளும் இந்த 12 விளக்குகளுக்குள் அடங்கும்.

சிக்கல் மேற்சுரங்களால் எழுகிறது. பியானோவில் நடு 'சி' சுரத்தை (261.6 ஹெர்ட்ஸ்) மட்டும் அழுத்தினாலும், அதன் மும்மடங்கான 784.9 ஹெர்ட்ஸும் உடன் ஒலிக்கும். அது 'ஜி' சுரத்துடன் ஏறக்குறைய ஒன்றிவிடும். ஐந்து மடங்கோ 'ஈ' சுரத்தை நெருங்கும். எனவே கவனமின்றி அமைத்த கருவி, ஒற்றைச் சுரத்தையே சி-ஈ-ஜி என்ற சி மேஜர் கார்டாகக் காட்டிவிடும்! உண்மையாகவே அந்தக் கார்டு நடு ஸ்தாயியில் வாசிக்கப்பட்டால் 329.6, 392.0 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களும் தோன்றும். தனிச் 'சி' சுரத்தில் அவை இரா. இவ்வேறுபாட்டைக் கொண்டு மென்பொருள் இரண்டையும் பிரித்தறியலாம். ஆயினும் 'ஜி' சுரம் ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கப்பட்டால் அது மேற்சுரத்தினுள் மறைந்துவிடும்.

தாழ் ஸ்தாயியில் வேறொரு இடர் உண்டு. அங்கே 65.4 ஹெர்ட்ஸ் உடைய 'சி' சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடைவெளி 4 ஹெர்ட்ஸுக்கும் குறைவே. இவற்றைப் பிரித்தறிய ஏறத்தாழ கால் நொடி ஒலியைச் சேகரிக்க வேண்டியிருப்பதால், விளக்கு இசைக்குப் பின்தங்கும்.

இத்தொல்லைகளைத் தவிர்க்க விரும்புவோர் 1983 இல் வெளிவந்த மிடி தர முறையைப் பயன்படுத்துவர். இதில் விசைப்பலகை தான் அழுத்தப்பட்ட சுரத்தின் எண்ணையே அனுப்பும்; நடு 'சி' சுரத்தின் எண் 60. எண்ணை 12 ஆல் வகுத்து வரும் மீதியே விளக்கின் வரிசையெண். குரலிசைக்கும் வயலினுக்கும் இவ்வசதி இல்லாததால், அவற்றுக்கு ஒலிப் பகுப்பாய்வே வழியாக உள்ளது.