நத்தர் வலியின் அருகே இரு நவாபுகள்

திருச்சிராப்பள்ளிக்கு நத்தர் நகர் என்றொரு பெயர் இருந்தது. நவாபு காலத்துப் பாரசீக நூலாகிய 'துஸுகே வாலாஜாஹி' இவ்வூரை அப்பெயராலேயே குறிக்கின்றது. ஊருக்குப் பெயர் தந்த தப்லே ஆலம் பாதுஷா நத்தர் வலி அவர்கள், பிறந்த நாட்டின் அரியணையைத் துறந்து, பக்கீராக இங்கு வந்து, பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்தார்கள் என்பது மரபு.

அன்னாரின் கந்தூரிக்குச் சிறு வயது முதல் சென்று வருகின்றேன். மார்கழிப் பனியிலும் சென்றதுண்டு. சித்திரை வெயிலிலும் சென்றதுண்டு. நம் ஹிஜ்ரி ஆண்டு கதிரவனாண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைவு. 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். எனக்கு ஒரு சுற்று முடிந்து மறுசுற்றும் நடக்கின்றது. இடம் மாறவில்லை, அங்கு என் கால்கள் தயங்கி நிற்கும் இடம் மாறியிருக்கின்றது.

இளமையில் வலியுல்லாஹ்வின் சந்நிதியில் விரைந்து ஓதிவிட்டு வெளியே வந்துவிடுவேன். ஆவலெல்லாம் அவ்வளாகத்தில் அடங்கியிருக்கும் இரு நவாபுகள் மீதே. ஒருவர் சந்தா சாகிபு. மற்றவர் அவருடைய கடும் பகைவராகிய முகம்மது அலி வாலாஜா.

சந்தா சாகிபு 1736இல் நாயக்க அரசி மீனாட்சியிடமிருந்து இவ்வூரைக் கைக்கொண்டவர். அவளுக்குத் துணை நிற்பதாகத் திருமறை மீது ஆணையிட்டார் என்றும், பட்டுக்குள் இருந்தது செங்கல்லே என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதையாகவே இருக்கட்டும். முஸ்லிம் ஒருவரைப் பற்றி அப்படியொரு கதை நம்பப்பட்டு வருவதே நமக்குத் தலைகுனிவு. 1741இல் மராட்டியர் கோட்டையைப் பிடித்து அவரைச் சதாராவுக்குச் சிறை கொண்டு சென்றனர். ஏறத்தாழ ஏழாண்டுச் சிறை! தன்னைத் தானே எண்ணிப் பார்க்க அத்துணை அவகாசம் எவர்க்குக் கிட்டும்? எனினும், 1748இல் விடுதலை பெற்றதும் அவர் நாடியது மீண்டும் அரியணையையே.

மறு ஆண்டு ஆம்பூர்ப் போரில் பிரெஞ்சுக்காரர் துணையுடன் அன்வருத்தீன் கானை வீழ்த்தினார். கானின் மகன் முகம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் புகுந்தார். ஆங்கிலேயர் அவர் பக்கம் நின்றனர். 1751இல் தொடங்கிய முற்றுகை, முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்கு உள்ளாகி முடிந்தது. பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபும் காவிரிக்கு அக்கரையில் திருவரங்கம் தீவில் அகப்பட்டுக் கொண்டனர். பரமபத வாசல் திறக்கும் ஏகாதசிக்காக ஆண்டெல்லாம் மக்கள் காத்திருக்கும் அவ்வூரில், அன்று அவருக்குத் திறந்த வாசல் ஒன்றுமில்லை. 1752 ஜூன் மாதத்தில் தஞ்சைப் படைத்தலைவரை நம்பித் தம்மை ஒப்படைத்தார், தலை கொய்யப்பட்டது.

வாலாஜா வென்றார். 1768இல் சேப்பாக்கத்தில் மாளிகை எழுப்பினார். கும்பினியாருக்கும் அவர்தம் அலுவலருக்கும் கடன்பட்டு, நாட்டின் வரி வருவாயை ஈடாக எழுதிக் கொடுத்தார். 1785இல் எட்மண்டு பர்க் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுந்து பேசுமளவுக்கு அக்கடன் நாறிற்று. 1795இல் அவர் சென்னையில் மறைய, உடல் இவ்வூருக்கு வந்தது. ஆறே ஆண்டுகளில், 1801இல், கர்நாடகத்தின் ஆட்சி கும்பினியின் கைக்குச் சென்றது.

இளமையில் நான் வாலாஜாவின் கட்சி, வென்றவரல்லவா! பின்னர் மகளின் நிக்காஹுக்காக வீட்டை ஈடு வைத்த ஆண்டில் அவர் கபுரின் முன் நெடுநேரம் நின்றேன். ஊரார் மெச்ச விருந்திட்டவன், வட்டி கட்ட வழியறியாது நின்றேன். அடுத்த கந்தூரிக்கு வருவதற்குள் அந்த ஈட்டை மீட்பதென நிய்யத்துச் செய்தேன்; மீட்க மூன்று கந்தூரிகள் ஆயின. கலீபா உமர் (ரலி) அவர்கள் ஆண்டுக் கணக்கை வகுத்தபோது பிறப்பையோ வெற்றியையோ தொடக்கமாகக் கொள்ளாது, ஊரையும் உடைமையையும் விட்டுப் புறப்பட்ட ஹிஜ்ரத்தைக் கொண்டதன் பொருள் அந்த மூன்று ஆண்டுகளில்தான் எனக்குச் சற்று விளங்கிற்று.

இப்பொழுது வலியுல்லாஹ்வின் அருகிலேயே பெரும்பொழுது கழிகின்றது. சென்ற கந்தூரியில் பேரன் உடன் வந்தான். வரலாறு முழுவதையும் கேட்டுவிட்டு, "நன்னா, ரெண்டு பேர்ல ஜெயிச்சது யாரு?" என்றான். கையேந்தச் சொன்னேன். இருவருக்குமாகச் சேர்த்து ஒரு ஃபாத்திஹா ஓதினோம்.