விமானியின் நோய் விடுப்பு

காய்ச்சலோடு அலுவலகம் செல்லும் குமாஸ்தாவைக் கடமை தவறாதவர் என்று பாராட்டுகிறோம். விமானி அவ்வாறு செய்தால் விதியை மீறியவராவார். உடல்நலம் குன்றியதை உணர்ந்த விமானி விமானம் ஓட்டலாகாது என்பது சர்வதேச விதி. சாதாரண ஜலதோஷங்கூட, விமானம் இறங்கும்போது காதை அடைத்துக் கடும் வலி தரக்கூடும். ஆதலின் விமானியின் நோய் விடுப்பு பயணிகளின் உயிர்க்காப்புமாகும். தொலைவிலிருந்து ஊருக்கு விரையும் நமக்கும் இதில் அக்கறை உண்டு.

சட்டம் பறக்கலாகாது என்கிறது. ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதே கேள்வி. பறந்த நேரத்திற்கேற்ற ஊதியம் விமானத் தொழிலில் பழைய வழக்கம். அமெரிக்காவில் 1934-இல் தேசியத் தொழிலாளர் வாரியம் அளித்த தீர்ப்பு, விமானியின் ஊதியத்தை அடிப்படைச் சம்பளம், மணிக்கணக்கு, மைல்கணக்கு எனப் பகுத்தது. மாதத்திற்கு 85 மணி என்ற வரம்பையும் விதித்தது. அடிப்படைச் சம்பளம் நிலையானது. ஏனையவை பறந்தால்தான் கிட்டும். நிலையான பங்கு சிறுத்தால், நோயுற்றவர் பறக்கத் துணியும் ஆசை பெருகும் என்பது வெளிப்படை. இரண்டு ஒப்பந்தங்களை ஒப்பிடுவோர் விடுப்பு நாட்களை எண்ணுவதோடு இப்பங்கையும் நோக்குதல் வேண்டும்.

நம் நாட்டில் நோய் விடுப்பு போராட்டக் கருவியாகவும் மாறியது. சங்கம் அமைத்த இரு விமானிகளை ஜெட் ஏர்வேஸ் நிறுவனம் நீக்கியதை எதிர்த்து, 2009 செப்டம்பரில் அந்நிறுவனத்தின் விமானிகள் நூற்றுக்கணக்கில் நோய் விடுப்பு எடுத்தனர். 1953-இல் தேசியமயமான ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-இல் ஒன்றாயின. ஊதியமும் பதவி உயர்வும் பயிற்சியும் பூசலுக்குக் காரணமாயின. 2012 மே மாதம், புதிய போயிங் 787 விமானத்திற்கான பயிற்சியை முன்னிட்டு ஏர் இந்தியா விமானிகள் உடல்நலமில்லை என அறிவித்தனர். அக்கிளர்ச்சி 58 நாட்கள் நீடித்தது. 2024-இல் விஸ்தாரா நிறுவனத்தின் புதிய ஒப்பந்தம், உறுதியான ஊதியத்தை 70 மணியிலிருந்து 40 மணிக்குக் குறைத்தது; விமானிகள் பலர் நோயென்று நின்றனர்; விமானங்கள் பல ரத்தாயின.

இதனால் ஒரு தீங்கும் விளைந்தது. மெய்யாகவே நோயுற்றவரும் ஐயத்திற்கு ஆளாகிறார். ஐயத்திற்கு அஞ்சி அவர் பறக்கத் துணிவாராயின், இழப்பு பயணிகளுடையதே. ஆனால் கூட்டாகப் பேச வழி அடைபடும்போதும், உறுதியான ஊதியம் ஒருதலையாகக் குறைக்கப்படும்போதும் இக்கருவி தலைதூக்கியதையும் மறத்தல் ஆகாது.

2025-இல் நடைமுறைக்கு வந்த பணிநேர விதிகள் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின. அவ்வோய்வுக்கு ஈடாக எந்த விடுப்பையும் கணக்கிடலாகாது என்ற விதியும் இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் பெருமளவில் ரத்தானபோது, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 5-ஆம் நாள் அவ்விதியை விலக்கிக்கொண்டது. நோயில் கிடந்த நாளை ஓய்ந்திருந்த நாளாக எண்ணலாமா? நோய் உடலை வாட்டுவது. ஓய்வு அதைத் தேற்றுவது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதும் ஒப்பந்தம் நிறுவனத்திற்குச் சிக்கனமாகத் தோன்றலாம். அதன் விலையைக் கொடுக்க நேர்வோர் விமானியும் அவரை நம்பி ஏறியவர்களுமே.