கிரெட்சென்பாக் நிலத்தடிக் கார் நிறுத்தக இடிவு (2004)

சுவிட்சர்லாந்தின் சோலோதுர்ன் மாநிலத்தைச் சேர்ந்த கிரெட்சென்பாக் ஊரில், 2004 நவம்பர் 27 அன்று, ஒரு குடியிருப்பின் நிலத்தடிக் கார் நிறுத்தகத்தில் தீப்பிடித்தது. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர்களுள் ஏழு பேர், மண் மூடிய கான்கிரீட் கூரை இடிந்து விழுந்து மாண்டனர். பழி தீயின் மேல் மட்டும் விழுவது சரியல்ல. கூரை பீம் இல்லாத தட்டைத் தளம். பாரம் முழுவதும் தூண்களின் தலையிலேயே குவியும். அங்கே வலு போதாதபோது தூண் தளத்தைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். இதைத் துளைப்பு முறிவு என்பர். முன்கூட்டித் தளம் தொய்ந்து எச்சரிப்பதும் அரிது. கிரெட்சென்பாக்கில் கணக்கிட்டதைவிட அதிக மண் கூரைமேல் கிடந்தது. தீ அந்தப் பலவீனத்தை முடித்துவைத்தது. தீயே இல்லாமல் 1997இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் ஒரு கார் நிறுத்தகத்தின் மேல்தளம் இப்படித்தான் விழுந்தது.

ஒரு தூண் துளைத்தால் அதன் பாரம் பக்கத்துத் தூண்களுக்குப் போகிறது. அவையும் அதே அளவுக்குத்தான் கட்டப்பட்டவை என்பதால் ஒன்றன்பின் ஒன்றாக முறிகின்றன. முதல் முறிவை எப்போதும் தடுக்க முடியாது. கட்டி முடித்தபின் யார் எவ்வளவு மண் கொட்டுவார்கள் என்பது வடிவமைப்பாளர் கையில் இல்லை. ஆகவே முறிவு பரவாமல் நிறுத்துவதே முதன்மைக் கடமை. தளத்தின் மேல்கம்பிகள் இதற்கு உதவாது. முறிந்த தளம் இறங்கும்போது அவை மேலுள்ள மெல்லிய கான்கிரீட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியேறிவிடும். தூணின் ஊடாக ஓடும் அடிக்கம்பிகளோ தளத்தைத் தூணிலிருந்து தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்ளும். 2003இல் வந்த சுவிஸ் கான்கிரீட் விதித்தொகுப்பான எஸ்ஐஏ 262 இத்தகைய கம்பிகளைக் கருத்தில் கொண்டது. அதற்கு முந்தைய கட்டடங்களில் அவை இருக்கும் என்று நம்ப முடியாது.

தீ கீழிருந்து சுடும்போது அடிக்கம்பிதானே முதலில் இளகும் என்ற மறுப்பு நியாயமானது. எஃகு 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது ஏறக்குறையப் பாதி வலிமையை இழக்கிறது. ஆனால் தூணுக்குள் ஓடும் பகுதியைச் சுற்றியுள்ள கான்கிரீட் காக்கிறது. வெளியே வரும் பகுதிக்குத் தடித்த கம்பியும் அதை மூடும் கான்கிரீட்டுக்குக் கூடுதல் கனமும் கொடுத்தால் வெப்பம் எட்டத் தாமதமாகும். உள்ளே நிற்பவர் வெளியேற அந்த நேரம் தேவை. கட்டி முடித்த தளத்தில் அடிக்கம்பியைப் புதிதாக நுழைப்பது கடினம். அங்கே தூண்தலையை அகலப்படுத்தலாம். தளத்தைத் துளையிட்டுச் சாய்கம்பி பதிக்கலாம். இவற்றுக்குமுன் செய்ய வேண்டியது, மேலே கிடக்கும் மண்ணின் ஆழத்தை அளந்து, வரைபடத்தில் உள்ளதைவிட மிகுந்ததை அகற்றுவது.